டேப் ஒட்டிய பட்டன்

இரும்புத் தகட்டை அடித்துப் பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கு விரல் போனால் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும். அதில் "காரணம்" என்று ஒரு கட்டம், பக்கத்திலேயே "மேற்கொண்ட நடவடிக்கை" என்று இன்னொரு கட்டம். அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஒரகடம் என்று பல இடங்களில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் முதல் கட்டத்தில் ஏறக்குறைய ஒரே வரிதான்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. இரண்டாவது கட்டத்திலும் ஒரே வரிதான்: மறுபயிற்சி அளிக்கப்பட்டது. கீழே நாலு கையெழுத்து. அதோடு அந்தத் தாள் ஃபைலுக்குப் போய்விடும், மறுநாள் காலை அதே மெஷினில் வேறொருவர் உட்காருவார்.

என் மைத்துனரும் இதே தொழிலில்தான் இருக்கிறார், ஷிப்ட் சூப்பர்வைசர். தன் ஆட்களில் ஒருவருக்கு அடிபட்டால் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிற மனிதர், அதனால் அவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை பேச்சு இந்தப் பக்கம் திரும்பியபோது அவர் சொன்னார், "நீங்க சென்சார், பட்டன்னு என்ன வேணா மாட்டுங்க மாமா, பையன் கவனமா இருந்தாத்தான் விரல் தப்பிக்கும்." எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கை உள்ளே இல்லாவிட்டால் டை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, எதையும் நசுக்காது. ஆனாலும் அந்தப் பேச்சு மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம், நான் இப்போது வேலை செய்யும் ஷாப்பில் நடந்த ஒரு விபத்தும், அதற்கு அப்புறம் ஒரு மீட்டிங்கில், மெஷினில் டை மாட்டித் தயார் செய்யும் எங்கள் செட்டர் அண்ணன் கேட்ட ஒரு கேள்வியும்.

அறுபது பேர் வேலை செய்கிற சின்ன இடம். பைக் கம்பெனிகளுக்குப் போகும் பிராக்கெட்டுகள் அடிக்கிறோம். நாங்கள் நேரடியாக பைக் கம்பெனிக்குக் கொடுப்பதில்லை, அவர்களுக்குக் கொடுப்பவருக்குக் கொடுக்கிறோம், சில பார்ட்டுகளில் இன்னும் ஒரு படி கீழே. அடிபட்ட பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன், கான்ட்ராக்டில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நைட் ஷிப்ட், 100 டன் பிரஸ். இடது கை நடுவிரலில் இரண்டு கணு போய்விட்டது. கூட இருந்த ஒரு அக்கா சமயோசிதமாக நடந்துகொண்டார். விழுந்த துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸுக்குள் வைத்து அனுப்பினார். நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டுவிடும், இது எல்லா ஷாப்பிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். வட சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, கோவை கங்கா மருத்துவமனை துண்டான கையையும் விரலையும் ஒட்டுவதில் பெயர் பெற்றது, நேராக வெட்டுப்பட்ட விரல் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் ஒட்ட வாய்ப்பு உண்டு. ஆனால் பிரஸ்ஸில் பெரும்பாலும் வெட்டுப்படுவதில்லை, நசுங்குகிறது. நசுங்கிய ரத்தக் குழாயை எந்த டாக்டர் எப்படித் தைப்பார்? அந்தப் பையனுக்கு ஒட்ட முடியவில்லை.

விடிவதற்குள் என்னை வரச்சொல்லி மெஷினைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த பிரஸ்ஸில் இரண்டு கை பட்டன் இருந்தது. இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்தினால்தான் ராம், அதாவது மேலிருந்து அடிக்கும் பாகம், இறங்கும், அப்படியானால் இறங்கும் நேரத்தில் இரண்டு கையும் பட்டனில்தான் இருக்க வேண்டும். ஏற்பாடு அதுதான். இடது பட்டனின் மேல் ஒரு வாஷரை வைத்து அழுத்தி கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வலது கை மட்டும் பட்டனில், இடது கை டைக்குப் பக்கத்தில். படிவத்தில் "ஆபரேட்டர் பாதுகாப்புச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்தார்" என்று எழுதினார்கள். அதுவும் உண்மைதான்.

ஆனால் அந்த டேப்பை உரித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அது அன்றைக்கு ஒட்டியதில்லை. ஓரமெல்லாம் ஆயிலும் இரும்புத் தூசியும் ஏறி இறுகிப்போயிருந்தது. பக்கத்து மெஷினைப் போய்ப் பார்த்தேன், அதிலும் டேப். அதற்கடுத்ததில் டேப்புக்குப் பதில் ஒரு மரச் சில்லு. இந்த மெஷின்களில் மூன்று ஷிப்டிலும் ஆட்கள் மாறுகிறார்கள். இருபது வருட அனுபவம் உள்ளவர், போன வாரம் சேர்ந்தவர், நிதானமானவர், அவசரக்காரர், எல்லாரும் அதே பட்டனில் அதே டேப்போடு வேலை செய்திருக்கிறார்கள். இவ்வளவு விதமான மனிதர்களுக்கு ஒரே மாதிரி கவனம் எப்படிக் குறையும்?

ராம் இறங்கினால்

பவர் பிரஸ் பக்கம் போகாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஒரு பெரிய ஃப்ளைவீலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளட்ச் பிடித்ததும் அந்தச் சுழற்சி கிராங்குக்குப் போய் ராம் இறங்கி ஏறும். பழைய மெஷின்களில் இருப்பது பின் கிளட்ச், கீ கிளட்ச் வகை. பெடலை மிதித்தால் கீ மாட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் ஒரு முழுச் சுற்று முடியும்வரை கடவுளே வந்தாலும் நிறுத்த முடியாது. பாதி வழியில் கை இருப்பதைக் கண்டுபிடித்து ஒரு பயனும் இல்லை, அதனால் அந்த வகை மெஷினில் லைட் கர்ட்டன், அதாவது ஒளிக்கற்றையில் கை குறுக்கிட்டால் கண்டுபிடிக்கும் சென்சார், மாட்டுவது வெறும் அலங்காரம். சில ஷாப்புகளில் ஆடிட்டுக்காக அப்படி மாட்டியும் இருக்கிறார்கள், பார்க்கவே பதறுகிறது. புதிய வகை காற்றில் இயங்கும் ஃபிரிக்‌ஷன் கிளட்ச். இதில் காற்றை விட்டுவிட்டால் பிரேக் பிடித்து ராம் நடுவழியிலேயே நிற்கும். சென்சாரும் இரண்டு கை பட்டனும் முழுப் பயன் தருவது இதில்தான்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மனிதக் கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்று வைத்துத்தான் பட்டனை டையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று முடிவு செய்கிறார்கள். மெஷின் நிற்க 0.3 நொடி ஆகிறது என்றால் அந்த நேரத்தில் கை 48 சென்டிமீட்டர் போய்விடும், அதற்கு மேல் கூடுதலாக ஒரு இடைவெளியும் விட வேண்டும். பிரேக் லைனர் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும். போன வருடம் சரியாக இருந்த தூரம் இந்த வருடம் போதாமல் போகலாம். வெளியே பார்த்தால் பட்டன் அதே இடத்தில், பச்சை விளக்கு அதே மாதிரி எரிந்துகொண்டிருக்கும். ஆபரேட்டர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பிரேக் லைனரின் தேய்மானம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது என்னைப் போன்றவர்களின் வேலை, அதற்கு மெஷினை நிறுத்தி நேரம் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் வேலை.

தொழிலாளியின் நடத்தைதான் விபத்துக்குக் காரணம் என்ற எண்ணம் நம் ஊரில் முளைத்ததில்லை. அமெரிக்காவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஹைன்ரிச் 1931ல் எழுதியதில் இருந்து இது உலகம் முழுக்கப் பரவியது. நூறில் 88 விபத்து ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால், 10 விபத்து மெஷின் மற்றும் சூழ்நிலையால், மீதி 2 தவிர்க்க முடியாதவை என்று அவர் பிரித்தார். சேஃப்டி வகுப்பு எடுக்க வருபவர்கள் பலர் இன்றைக்கும் இந்த 88ஐ ஸ்லைடில் போட்டுக் காட்டுகிறார்கள். அவர் அந்தக் கணக்கை எங்கிருந்து எடுத்தார் என்பதைச் சொல்வதில்லை. இன்சூரன்ஸ் ஃபைல்களிலிருந்தும் ஆலை முதலாளிகள் வைத்திருந்த பதிவுகளிலிருந்தும் எடுத்தார். அதாவது எங்கள் ஷாப்பில் நாலு கையெழுத்தோடு ஃபைலுக்குப் போகிறதே, அந்த மாதிரித் தாள்கள். எழுதியவர் சூப்பர்வைசர், அடிபட்டவர் அப்போது ஆஸ்பத்திரியில். அந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்தால் 88 வராமல் வேறு என்ன வரும்?

ஐநூறு

விபத்துக்கு அப்புறம் நான் முதலில் செய்தது என் கைக்கு எட்டிய வேலை. பழைய கன்ட்ரோலைக் கழற்றிவிட்டு வேறு ரிலே போட்டேன். இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும், ஒன்றை டேப் போட்டு அமுக்கி வைத்தால் மெஷின் ஓடாது. இப்படி எல்லா ஃபிரிக்‌ஷன் கிளட்ச் மெஷினிலும் மாற்றிக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் இரண்டு விஷயம் நடந்தது. புரொடக்‌ஷன் விழுந்தது. அப்புறம், நைட் ஷிப்டில் ஒரு ஆபரேட்டர் இடது முழங்கையால் ஒரு பட்டனையும் வலது கையால் இன்னொரு பட்டனையும் அழுத்திக்கொண்டு, மிச்சமிருந்த இடது உள்ளங்கையை டை பக்கம் நீட்டிக்கொண்டு, உடம்பை வளைத்து நின்று வேலை செய்வதை நானே பார்த்தேன். அவர் பிள்ளை குட்டிக்காரர், விளையாட்டுத்தனம் இல்லாத மனிதர். கோபம் வரவில்லை எனக்கு, பயமாக இருந்தது. இவ்வளவு சிரமப்பட்டு ஒருவர் தன் கையை ஆபத்தில் வைக்கிறார் என்றால் அதற்கு வெளியே இருந்து ஏதோ ஒன்று அவரைத் தள்ளுகிறது.

கஸ்டமர் ஆடிட் வரவிருந்ததால் சேஃப்டி கமிட்டி மீட்டிங் போட்டார்கள். மேனேஜர், குவாலிட்டி, எச்.ஆர்., நான், ஷாப்பிலிருந்து செட்டர் அண்ணனும் பேக்கிங்கில் இருக்கும் ஒரு அக்காவும். பேச்சு வழக்கம்போலப் போனது. போஸ்டர் ஒட்டலாம், காலையில் உறுதிமொழி எடுக்கலாம், டேப் ஒட்டினால் அரை நாள் சம்பளம் பிடிக்கலாம். செட்டர் அண்ணன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. இந்தத் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் இருப்பவர், மீட்டிங்கில் குரல் உயர்த்துகிறவர் கிடையாது. அபராதம் என்ற பேச்சு வந்ததும் எழுந்து நின்றார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த பட்டன் எப்ப வந்துச்சு, ஐநூறு எப்ப வந்துச்சு, அது ரெண்ட மட்டும் பாருங்க. அப்புறம் ஃபைன் போடறதா வேணாமான்னு பேசலாம்."

ஐநூறு என்பது அந்த பிராக்கெட்டுக்கான மணிக்கணக்கு டார்கெட். மெஷினுக்கு மேலே போர்டில் பெரிதாக எழுதியிருக்கும். அதை எட்டினால் இன்சென்டிவ், தொடர்ந்து எட்டாவிட்டால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மெயின்டனன்ஸ் லாக் புக்கை எடுத்து வந்தேன், பிளானிங்கிலிருந்து அந்த பார்ட்டின் பிராசஸ் ஷீட்டை வரவழைத்தோம். பிராசஸ் ஷீட்டில் ஒரு பீஸுக்கு 7.2 நொடி என்று போட்டு கையெழுத்தாகியிருந்தது. 3,600 நொடியை அதால் வகுத்தால் 500. அந்தக் கையெழுத்தின் தேதிக்கு ஒரு வருடத்துக்கும் மேலே கழித்துத்தான் லாக் புக்கில் இரண்டு கை பட்டன் பொருத்தியதாகப் பதிவு இருந்தது. ஸ்டாப் வாட்ச் வைத்து அந்த 7.2ஐ அளந்தபோது மெஷினில் பெடல்தான் இருந்திருக்கிறது. காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையும் சும்மா இருக்க, ஒரு கை அடித்த பீஸை எடுக்க, இன்னொரு கை அடுத்ததை வைக்க, அப்படி வந்த நேரம் அது. பட்டன் வந்த பிறகு யாரும் மறுபடி அளக்கவில்லை. டார்கெட் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு தாளும் இருபது அடி தூரத்தில் இரண்டு அலமாரியில் இருந்திருக்கின்றன, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து யாரும் பார்த்ததில்லை. பார்த்தது மெஷினில் நிற்பவர்கள், அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கே ஷாப்புக்குள் போனோம். செட்டர் அண்ணனே மெஷினில் நின்றார், மேனேஜர் போனில் நேரம் பார்த்தார். டாங்ஸால், அதாவது இடுக்கியால், பீஸை எடுத்து, டாங்ஸாலேயே அடுத்ததை வைத்து, இரண்டு கையாலும் பட்டனை அழுத்தி, விட்டு, மறுபடி. அந்த ஷாப்பிலேயே கை வேகம் அதிகம் உள்ளவர் அவர். அவருக்கே சராசரி 9 நொடிக்கு மேல் வந்தது. மணிக்கு 400 எட்டுவதே கஷ்டம். 500 வேண்டுமென்றால் ஒரு கை பட்டனை விட்டு வெளியே இருந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. மெஷினுக்கு மேலே ஒரு போர்டு ஐநூறு அடி என்கிறது, பக்கத்தில் இன்னொரு போர்டு இரண்டு கையையும் பட்டனில் வை என்கிறது, இரண்டில் எதைக் கேட்டாலும் இன்னொன்றை மீற வேண்டும். எதை மீறினால் சம்பளம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். நானும் தினம் அந்த இரண்டு போர்டுக்கும் கீழே நின்று வயரிங் பார்த்தவன்தான். என் மைத்துனருக்கு என்னால் சொல்ல முடியாமல் போன பதிலை செட்டர் அண்ணன் இரண்டு தேதிகளைக் கேட்டே சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் பெரிய வெற்றியாகச் சொல்ல மாட்டேன். மேனேஜர் அபராதப் பேச்சை நிறுத்தினார், அது முதல் விஷயம். டூல் ரூமில் உட்கார்ந்து யோசித்து அந்த டையில் பீஸை வெளியே வைத்து உள்ளே தள்ளுகிற மாதிரி ஒரு ஸ்லைடு செய்தார்கள். அடித்த பீஸை எடுக்கக் கை போட வேண்டாம் என்று ஏர் ஜெட் வைத்தோம், அது நானும் செட்டர் அண்ணனும் சேர்ந்து செய்தது. இப்போது கை டைக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. நேரம் 8 நொடிக்கு வந்தது, டார்கெட்டை 450 என்று திருத்தி எழுதினார்கள். பட்டனைச் சுற்றி முழங்கை நுழைய முடியாதபடி ஒரு வளையமும் போட்டேன், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வளையம் போடுவதற்கு முன்பே, போர்டில் 450 ஏறிய அன்றிலிருந்தே, யாரும் முழங்கையை வைக்கவில்லை. கஸ்டமரிடம் விலை ஏற்றிக் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஷீட்டில் பீஸ் அடுக்கும் விதத்தை மாற்றி ஸ்கிராப்பைக் குறைத்து ஓரளவு சரிக்கட்டினார்கள். எல்லா பார்ட்டுக்கும் அப்படிச் சரிக்கட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பீஸுக்கு எத்தனை பைசா என்று மேலே இருக்கும் கம்பெனி பேரம் பேசி முடிக்கும்போதே கீழே மெஷினில் எத்தனை நொடி என்பதும் முடிவாகிவிடுகிறது. அந்த நொடிக்குள் கை வெளியே வருமா என்று அந்தப் பேரத்தில் யாரும் கேட்பதில்லை.

கேட் போர்டு

எங்கள் கேட்டிலும் ஒரு போர்டு இருக்கிறது. "விபத்தில்லா நாட்கள்" என்று எழுதி எண்ணை மாற்ற வசதி செய்திருப்பார்கள், பெரும்பாலான கம்பெனிகளில் பார்க்கலாம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளில் அதற்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். ஒரு நல்ல எண்ணத்தில் வைத்ததுதான், ஆனால் அது ஷாப்புக்குள் என்ன செய்கிறது என்று பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948ல் 88ஆம் பிரிவின்படி, காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அந்த விபத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. இந்த எல்லையைத் தாண்டாமல் இருக்க நான் வேலை செய்த சில இடங்களில் கட்டுப்போட்ட கையோடு ஆளை மறுநாளே வண்டி வைத்து அழைத்து வந்து ஸ்டோரில் உட்கார வைத்து, அட்டெண்டன்ஸ் போட்டுவிடுவார்கள். லைட் டூட்டி என்று பெயர். வலி தாங்காமல் மேசையில் தலை சாய்த்துப் படுத்திருப்பார் அந்த மனிதர், கேட் போர்டில் எண் ஒன்று கூடும். நூறு நாள் தாண்டினால் எல்லாருக்கும் டிபன் பாக்ஸ், போர்வை என்று பரிசு அறிவித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உன்னால் எல்லாருக்கும் போய்விட்டது என்ற பேச்சுக்குப் பயந்து சின்னக் காயத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

சொல்லாமல் போவது காயத்தை மட்டுமா? காயமாகாமல் தப்பிய சம்பவமும் அப்படியே மறைந்து போகிறது. கீ கிளட்ச் மெஷினில் கீ தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ ஒருமுறை பெடலை மிதித்ததற்கு ராம் இரண்டுமுறை இறங்கும், டபுள் ஸ்ட்ரோக் என்போம். அடித்துவிட்டது, இனி எடுக்கலாம் என்று கையை உள்ளே விடும் சரியான அந்தக் கணத்தில் இரண்டாவது அடி விழும். பிரஸ் ஷாப்பில் கொடிய விஷயம் அதுதான், ஏனென்றால் அங்கே ஆபரேட்டர் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் அது திடீரென்று ஒருநாள் வருவதில்லை. சத்தம் மாறும், கிளட்ச் விடும்போது ஒரு இழுவை தெரியும், எப்போதாவது ஒருமுறை தானாக அடிக்கும், அப்போது கை வெளியே இருந்திருக்கும், ஆள் ஒரு நொடி திகைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். எங்கள் ஷாப்பில் பதினொன்றாம் எண் மெஷின் அப்படி. அதை ஓட்டும் அக்கா என்னிடம் ஒருநாள் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார், "காலையில இருந்து ரெண்டு தடவ சும்மாவே அடிச்சிடுச்சு தம்பி. சொன்னா மெஷின நிறுத்திடுவீங்க, அப்புறம் என் கணக்கு என்னாவறது?" உடனே போய் நிறுத்திக் கழற்றினேன். கீயின் ஓரம் உருண்டு போயிருந்தது. மாற்றிவிட்டோம். அன்றைய டார்கெட் அவருக்குக் குறையக் கூடாது என்று மேனேஜரிடம் போய் எழுதி வாங்கினேன். இப்போது மெஷின் கோளாறைச் சொல்லி நிறுத்தினால் நின்ற நேரத்துக்குச் சராசரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கப்புறம்தான் கிளட்ச் சத்தம், பெடல் ஒட்டுகிறது, பிரேக் நழுவுகிறது என்று வாரா வாரம் புகார் வர ஆரம்பித்திருக்கிறது. மெஷின்கள் திடீரென்று கெட்டுப்போகவில்லை. முன்பு சொல்வதால் நஷ்டம் இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான்.

ஒன்பது சதவீதம்

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவன் பெயர் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈஎஸ்ஐயில் ஏறியதே விபத்து நடந்த அன்றைக்குத்தான், கான்ட்ராக்டர் அதுவரை ஏற்றியிருக்கவில்லை. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. ஹரியானாவின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழந்தவர்களோடு வேலை செய்யும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் வருடா வருடம் அறிக்கை வெளியிடுகிறது. விபத்துக்கு அப்புறம்தான் பலருக்கு ஈஎஸ்ஐ கார்டு கைக்கு வருகிறது, பவர் பிரஸ்தான் விரல்களை அதிகம் எடுக்கிறது என்று அதிலும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

ஈஎஸ்ஐ அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் குறித்திருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டு விரலும் 7. நடுவிரலில் இரண்டு கணு என்றால் 9. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கியவர் என்று வைத்துக்கொண்டால், அதில் 90 சதவீதம் 13,500, அதில் 9 சதவீதம் 1,215 ரூபாய். மாதா மாதம் ஆயுளுக்கும் வரும். ஈஎஸ்ஐ இல்லாவிட்டால் இந்த மாதத் தொகை இல்லை, அதனால் இந்தத் தொகையை நான் குறைவாகப் பேச மாட்டேன், ஒவ்வொரு கான்ட்ராக்ட் தொழிலாளியும் சேர்ந்த முதல் நாளே கார்டு கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அந்தப் பையனுக்கு இருபத்தி ரெண்டு வயசு. இடது கையால் நட்டைப் பிடிக்கும்போது இன்னும் நழுவுகிறது. டிரில்லிங் மெஷினுக்கு மாற்றிப் போட்டார்கள், கொஞ்ச நாள் இருந்தான், அப்புறம் ஊருக்குப் போய்விட்டான்.

போபாலில் 1984ல் நடந்த விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். உடனடி ஆபத்து என்று தொழிலாளிக்குத் தோன்றினால் நிர்வாகத்திடம் நேரடியாகச் சொல்லும் உரிமை, சொன்னால் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை, தொழிலாளர்கள் பங்கெடுக்கும் பாதுகாப்புக் கமிட்டி, எல்லாம் அதில் வந்தது. ஆனால் அந்த அத்தியாயம் ஆபத்தான ரசாயனங்களும் செயல்முறைகளும் உள்ள ஆலைகளுக்காக எழுதியது, எங்களைப் போன்ற பிரஸ் ஷாப்புக்கு அது பொருந்தவில்லை. சேஃப்டி ஆபீசர் பொதுவாக ஆயிரம் பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம் என்றிருந்தது. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் உடனடி ஆபத்தைச் சொல்லும் உரிமையை எல்லா நிறுவனத் தொழிலாளர்களுக்கும் விரித்திருக்கிறார்கள், அது நல்லது. சேஃப்டி ஆபீசர் எல்லையை 500 ஆக இறக்கியிருக்கிறார்கள். ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 என்று உயர்த்திவிட்டார்கள். எங்களுக்கும் கீழே, ஒரு ஷெட்டில் நாலு பிரஸ்ஸும் பதினைந்து ஆட்களும் வைத்து எங்களுக்கு ஜாப் வொர்க் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே பெடல்தான், டாங்ஸ் கூடக் கிடையாது. எங்களிடம் டார்கெட்டைக் குறைத்ததும் மிச்ச வேலை கொஞ்சம் அங்கே போகிறது என்பதையும் நான் பார்க்கிறேன். அங்கே போய் அளக்க எனக்கு அதிகாரம் இல்லை, அளக்கச் சொல்லி எங்கள் மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். வேலை கொடுப்பவர் கேட்டால் அவர்கள் மறுக்க முடியாது.

விபத்துப் படிவத்தை இப்போது கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். "காரணம்" என்ற கட்டத்துக்கு முன்னால் மூன்று கேள்வி சேர்த்தாயிற்று. அந்த வேலைக்கு டார்கெட் எவ்வளவு, அது எப்போது அளந்தது, அளந்தபோது மெஷினில் இருந்த பாதுகாப்பு ஏற்பாடும் இப்போது இருப்பதும் ஒன்றா. அடிபட்டவரிடமோ அவர் ஷிப்டில் கூட வேலை செய்தவரிடமோ கேட்காமல் நிரப்பக் கூடாது என்றும் போட்டிருக்கிறது. என் மைத்துனர் தன் கம்பெனியில் காட்ட ஒரு காப்பி வாங்கிக்கொண்டு போனார். போன மாதம் போன் செய்து, தன் லைனில் இரண்டு பார்ட்டுக்கு டார்கெட் சென்சாருக்கு முந்தையது என்று கண்டுபிடித்ததைச் சொன்னார்.

பதினொன்றாம் எண் மெஷினில் கீயை மாற்றியது தற்காலிக வேலைதான், அது மறுபடி தேயும். அதை ஃபிரிக்‌ஷன் கிளட்சுக்கு மாற்ற கொட்டேஷன் வந்திருக்கிறது. தொகை பெரியது, முதலாளி யோசிக்கிறார். அதுவரை டையைச் சுற்றி விரல் நுழையாத கம்பித் தடுப்பு போட்டு, சரிவுத் தகடு வழியாக பீஸை உள்ளே விடும்படி செய்யச் சொல்லி நானும் செட்டர் அண்ணனும் ஒரு டிராயிங் கொடுத்திருக்கிறோம். டூல் ரூமில் அடுத்த வாரம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது முடிகிறவரை அந்த மெஷினை ஓட்டக் கூடாது என்று எழுதி, மெயின் ஸ்விட்சில் பூட்டுப் போட்டு, சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன்.